ஒரே கார்டு, நான்கு பெட்டி: எதை எடுப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருமங்கலத்தில் வீடு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று வீடியோ எடிட்டிங் தொழில். எடிட்டிங் அறை மாடியில். ராத்திரி வேலை முடிந்தால் கொஞ்சம் கேம். சிஸ்டம் ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). இப்போது அதில் ஓடுவது ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. அதை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ போடலாம் என்று மதுரைக்கு வந்திருக்கிறீர்கள். கடைக்காரர் ஒரே பெயர் போட்ட நான்கு பெட்டிகளை மேஜையில் அடுக்கிவிட்டார். 8 ஜிபியில் மூன்று ஃபேன், வெள்ளை நிறம், கலர் விளக்கு, மேலே ‘ஓசி’ என்ற எழுத்து. 16 ஜிபியில் சாதா இரண்டு ஃபேன், விலை ஏறக்குறைய அந்த வெள்ளைக் கார்டின் விலையேதான். அதே 16 ஜிபியில் மூன்று ஃபேன், 4,500 ரூபாய் கூட. நான்காவது அதற்கும் மேலே 5,000 கூட, “இதுதான் டாப் மாடல்” என்ற சிபாரிசோடு. “எல்லாம் ஒரே கார்டுதான்னா ஏண்ணே இத்தனை விலை? எதை எடுக்க?” என்பது உங்கள் கேள்வி.

சாதா இரண்டு ஃபேன் 16 ஜிபியை எடுங்கள். வெள்ளைக் கார்டை மறந்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் செய்ய வேண்டிய வேறு இரண்டு வேலைகள் உங்கள் சிஸ்டத்திலேயே இருக்கின்றன, கீழே சொல்கிறேன். அவசரம் என்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். காரணம் தெரிய வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

என்விடியா வடிவமைத்துத் தருவது சிப்பை. அந்தச் சிப்பை வாங்கிப் போர்டில் பொருத்தி, மெமரி வைத்து, சூட்டை வாங்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கும் ஃபேனும் மாட்டிப் பெட்டியில் போட்டு விற்பது ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஜோடாக், இன்னோ3டி, கேலக்ஸ் மாதிரி நிறுவனங்கள். ஏஎம்டி பக்கம் போனால் சஃபயர், பவர்கலர், எக்ஸ்எஃப்எக்ஸ். ஒரே நிறுவனமே ஒரே சிப்பை மூன்று நான்கு தினுசாக விற்கும். ஆசுஸில் டூயல், பிரைம், டஃப். எம்எஸ்ஐயில் வென்டஸ், அதற்கு மேலே கேமிங் வரிசை. ஜிகாபைட்டில் விண்ட்ஃபோர்ஸ், ஈகிள், கேமிங் ஓசி, ஏரோ. ஜோடாக்கில் ட்வின் எட்ஜ், ஆம்ப். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கும் ஷேர் ஆட்டோக்கள் மாதிரிதான் இவை. எஞ்சின் ஒன்று. சீட் கவர், ஸ்பீக்கர், கண்ணாடியில் எழுதியிருக்கும் வசனம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. கூலி எல்லாவற்றிலும் ஒன்று என்றால் ஸ்பீக்கரைப் பார்த்து ஏறலாம், தப்பில்லை. இங்கே ஸ்பீக்கருக்குத் தனியாகக் கூலி கேட்கிறார்கள்.

‘ஓசி’ (ஓவர்க்ளாக், அதாவது வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தது) என்ற எழுத்துக்கு நிறைய மரியாதை கிடைக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடுவோம். 5060 டிஐக்கு என்விடியா சொல்லும் பூஸ்ட் வேகம் 2.57 ஜிகாஹெர்ட்ஸ். ஓசி போட்ட மாடல்களில் அது 2.6 சொச்சமாக இருக்கும். காகிதத்தில் இரண்டு, மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு சதவீதம். நடைமுறையில் அந்த வித்தியாசமும் கரைந்துபோகும். எந்த மாடலாக இருந்தாலும் சூடும் மின்சாரமும் அனுமதிக்கிற வரை சிப் தானாகவே எழுதியிருப்பதைவிட மேலே ஓடும். சாதா கார்டில் 60 ஃபிரேம் வருகிற கேமில் ஓசி கார்டு 61, 62 தரும். பத்து நிமிடம் ரெண்டர் ஆகிற (எடிட் செய்தது முழு வீடியோவாக மாறுகிற) பாட்டு பத்து பதினைந்து வினாடி முன்னால் முடியலாம். அந்த எழுத்துக்காக ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கத் தேவையில்லை.

மெமரி வேறு கதை. உங்களைக் கடையில் கிட்டத்தட்ட வழுக்கவைத்த இடமும் இதுதான். 5060 டிஐ 2025 ஏப்ரலில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வடிவத்தில் வந்தது. அமெரிக்காவில் அறிவித்த விலை 379 டாலர், 429 டாலர். சிப் இரண்டிலும் ஒன்று, கணக்குப் போடும் 4,608 கோர்களும் ஒன்று, மெமரி வேகமும் ஒன்று. அந்த 50 டாலர் முழுக்கவும் கூடுதல் 8 ஜிபிக்கு. நம் ஊர்க் கடையில் என்ன ஆகிறதென்றால், 8 ஜிபி கார்டுக்கு மூன்றாவது ஃபேனும் வெள்ளைப் பூச்சும் விளக்கும் மாட்டி அதை 16 ஜிபியின் விலைக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெள்ளைக் கார்டுதான் கண்ணுக்கு உயர்ந்ததாகத் தெரியும். மெமரி கண்ணுக்குத் தெரியாத சரக்கு.

உங்கள் தொழிலில் அது தெரியும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன் போட்டு, கலர் திருத்தும் நோட் நான்கைந்து அடுக்கி, மேலே ஒரு நாய்ஸ் ரிடக்ஷனும் (படத்தில் வரும் புள்ளிகளைத் துடைப்பது) வைத்து எக்ஸ்போர்ட் கொடுத்தால், பாதியில் ‘ஜிபியு மெமரி ஃபுல்’ என்று ஒரு செய்தி வந்து நிற்கும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தக் காட்சிக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போடாமலும் முடியாது. 8 ஜிபி கார்டில் அந்தச் செய்தியைத் தவிர்க்க டைம்லைனைச் சின்னதாக்குவது, எஃபெக்டை முன்கூட்டியே ரெண்டர் செய்து வைப்பது என்று ஏதாவது சமாளிக்கலாம். வைகாசியில் வரிசையாக ஏழெட்டு முகூர்த்த வேலை கிடக்கும்போது அந்தச் சமாளிப்புக்கு நேரம் இருக்காது. கேமிலும் புதிதாக வருகிறவற்றில் டெக்ஸ்சரை உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் சராசரி ஃபிரேம் பெரிதாகக் குறையாமலே ஆட்டம் விட்டு விட்டு இழுக்கும்.

உங்கள் பி450 போர்டில் இதற்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது, கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 5060 டிஐ பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 கார்டு (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதையின் ஐந்தாம் தலைமுறை), ஆனால் போர்டோடு பேச எட்டு லேன், அதாவது எட்டுத் தடம்தான் பயன்படுத்தும். உங்கள் போர்டு 3.0 தலைமுறை. ஆக, கார்டுக்கும் சிஸ்டம் ரேமுக்கும் நடுவில் உள்ள பாதை அது எதிர்பார்ப்பதில் கால் பங்கு அகலம். கார்டின் சொந்த மெமரிக்குள் வேலை அடங்குகிற வரை இது பெரிய குறையே இல்லை. 8 ஜிபி நிரம்பி மிச்சத்தைச் சிஸ்டம் ரேமிலிருந்து இழுக்க ஆரம்பிக்கும்போது அந்தக் குறுகிய பாதையில் போக்குவரத்து நின்றுவிடும். புதுப் போர்டு வைத்திருக்கிற ஒருவர் 8 ஜிபி எடுத்தால் அடி கொஞ்சம் மெதுவாக விழும், உங்களுக்கு நேராக விழும். 16 ஜிபி எடுத்தால் அந்த நிலைமைக்கே பெரும்பாலும் போகமாட்டீர்கள்.

பெயர் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருப்பது இன்று நேற்றுப் பழக்கமில்லை. 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது 6 ஜிபியில் 1,280 கோர், 3 ஜிபியில் 1,152 கோர். மெமரி மட்டும் குறைவு என்று நினைத்து வாங்கியவர்களுக்குச் சிப்பும் குறைந்தே கிடைத்தது. ஜிடி 1030 இன்னும் மோசம். முதலில் வந்தது ஜிடிடிஆர்5 மெமரி, வினாடிக்கு 48 ஜிபி வேகம். பின்னால் டிடிஆர்4 போட்டு அதே பெயரில் விட்டார்கள், வேகம் 16.8. மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். ஆர்டிஎக்ஸ் 3060இல் 12 ஜிபி மாடலுக்கு 192 பிட் மெமரிப் பாதை, பின்னால் வந்த 8 ஜிபிக்கு 128 பிட். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 8 ஜிபி இரண்டுமே கோர் எண்ணிக்கையிலும் வேறு: 2,304, 2,560. 4080 என்ற பெயரிலேயே 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வெவ்வேறு சிப்பை 2022இல் அறிவித்து, ஊரே திட்டிய பிறகு 12 ஜிபியை வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி விட்டார்கள்.

நீங்கள் இப்போது வைத்திருக்கும் 1650கூட அப்படித்தான். 2019இல் ஜிடிடிஆர்5, அடுத்த வருடம் ஜிடிடிஆர்6. ஜிபியு-இசட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதை ஓடவிட்டுப் பாருங்கள், உங்களுடையது எது என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

எல்லா மாற்றமும் ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. 4070க்கு 2024இல் ஜிடிடிஆர்6எக்ஸுக்குப் பதில் சாதா ஜிடிடிஆர்6 போட்டு ஒரு வடிவம் வந்தது. வித்தியாசம் சிட்டிகை அளவு. விலை குறைவாகக் கிடைத்தால் அதைத் தாராளமாக எடுக்கலாம். எனவே பெட்டியின் முகப்பைப் பார்க்காமல் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண்ணில் 8ஜி, 16ஜி என்று இருக்கும். ‘வி2’, ‘ஈவோ’, ‘ரெவ் 2.0’ என்று வால் முளைத்திருந்தால் உள்ளே கூலரோ போர்டோ மாறியிருக்கலாம் என்று அர்த்தம். முதல் வடிவத்துக்கு யூடியூபில் வந்த விமர்சனம் அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

தொழில் சம்பந்தமாக இன்னொரு செய்தி. சோனி ஏ7 4 மாதிரிக் கேமராவில் 10 பிட், 4:2:2 என்று (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) வைத்து எடுக்கிறீர்களானால், உங்கள் 1650க்கு அந்த ஃபைலைத் தானே பிரித்துக் காட்டத் தெரியாது, எல்லாம் ரைசன் தலையில் விழுந்து டைம்லைன் தடுக்கித் தடுக்கி ஓடும். 40 வரிசை (4070, 4080 மாதிரி) வரை என்விடியாவில் இந்த வசதி கிடையாது. 50 வரிசையில்தான் கொடுத்தார்கள். இன்டெல் வைத்திருப்பவர்கள் பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸை வைத்துச் சமாளித்தார்கள், உங்கள் 3600இல் அந்தக் கிராஃபிக்ஸே இல்லை. எடிட்டிங் மென்பொருளின் பதிப்பும் இதை ஏற்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வசதி நான்கு பெட்டியிலும் ஒன்றுதான். 40 வரிசைப் பழைய ஸ்டாக்கை யாராவது விலை குறைத்துத் தள்ளப் பார்த்தால் இதை நினைவில் வைத்திருங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இனி ஃபேன். இந்தக் கார்டு அதிகபட்சம் இழுப்பது 180 வாட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஒழுங்கான இரண்டு ஃபேன் போதும். மூன்று ஃபேன் கார்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் போர்டு அநேகமாக அதே குட்டிப் போர்டுதான். ஹீட்சிங்க்கும் பிளாஸ்டிக் மூடியும் நீண்டு போய், மூன்றாவது ஃபேன் போர்டைத் தாண்டித் தொங்கிக்கொண்டு காற்றை மேலே தள்ளும். அதில் பலன் இல்லாமல் இல்லை. உலோகம் கூடினால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் குறையும், ஐந்தாறு டிகிரி குறையும். கார்டின் வேகம் அதனால் கூடாது.

விமர்சனங்களில் சொல்லும் டிகிரியை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் 22, 25 டிகிரி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். அறை ஒரு டிகிரி சூடானால் கார்டும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். சித்திரைத் திருவிழா நாட்களில், வெயில் 40ஐத் தொட்டுவிட்டுப் போன ஒரு சாயங்காலம், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் கான்கிரீட் அறைக்குள் ராத்திரி எட்டு மணிக்கும் 36, 37 டிகிரி நிற்கும். ஸ்விட்ச் போர்டைத் தொட்டாலே வெதுவெதுப்பாக இருக்கும். விமர்சனத்தில் 67 டிகிரி காட்டிய கார்டு அங்கே 80ஐ எட்டிப் பார்க்கும். 80 என்பது ஆபத்தான எண் இல்லை. வரம்பை நெருங்கினால் கார்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெடித்துவிடாது. ஆனால் ஃபேன் கத்தும்.

அந்தக் கத்தலைக் குறைக்கப் பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் எந்த நிறுவனத்துக் கார்டிலும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 85 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள். வேகம் நாலைந்து சதவீதம் போகும், சூடு கண்கூடாகக் குறையும். சில மாடல்களில் ரொம்ப இறக்க விடமாட்டார்கள், விடுகிற வரை இறக்குங்கள். பங்குனி முதல் ஆடி வரை அப்படி ஓட்டிவிட்டு ஐப்பசியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம் கேபினட், மிச்சப் பணத்தின் முதல் வேலையும் அதுதான். நீங்கள் அனுப்பிய படத்தில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஓரத்தில் விரல் நுழையாத ஒரு சந்து வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். பின்னால் ஒரே ஒரு ஃபேன். இதற்குள் மூன்று ஃபேன் கார்டைப் போட்டால், அது சூடான அதே காற்றையே மூன்று ஃபேன் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். 4,500 ரூபாயை அங்கே போடாமல், முன்பக்கம் வலை உள்ள ஒரு சாதாரணக் கேபினட்டுக்கு மாறுங்கள். அது வேண்டாம் என்றால் முன்னால் இரண்டு 120 எம்எம் ஃபேன் போட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். எடிட்டிங் அறைக்கு யார் பெண் பார்க்க வரப்போகிறார்கள்?

கேபினட் மாற்றும் எண்ணம் இல்லையென்றால் வாங்குமுன் டேப் வைத்து உள்ளே அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஃபேன் கார்டு 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கிவிடும். மூன்று ஃபேன் 28இலிருந்து 33 வரை போகும். முன்னால் ஃபேன் மாட்டினால் அதற்கு இரண்டரை சென்டிமீட்டர் கழித்துக்கொள்ள வேண்டும். தடிமனும் கவனம், இரண்டு ஸ்லாட் என்று சொல்லிக்கொண்டு இரண்டரை ஸ்லாட் பிடிக்கும் மாடல்கள் உண்டு.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் மதுரையில் கார்டு பேச முடியாது. செல்லூரில் கீழே தறி, மேலே பையனின் கேமிங் அறை என்று இருக்கிற ஒரு வீட்டிலிருந்து வந்த கார்டைத் திறந்தேன். ஃபேனுக்கு அடியில் ஹீட்சிங்க் தகடுகளே தெரியவில்லை. பஞ்சுப் பிசிறு ஒன்றோடொன்று பின்னி, சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தைத் துண்டு மாதிரி படிந்திருந்தது. ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. அடியில் கார்டு புதிதுபோல இருந்தது. மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறை இருக்கும் ஊர்களில் இது வெள்ளை மாவாக வரும், அது ஃபேன் பேரிங்குக்குள்ளேயே இறங்கிவிடும். இங்கே கார்டில் முதலில் போகிற உறுப்பு ஃபேன்தான். அதனால் மாடலுக்கு மாடல் நான் பார்க்கும் ஒரு விஷயம், டூயல் பால் பேரிங் என்று போட்டிருக்கிறார்களா என்பது. சாதா ஸ்லீவ் பேரிங் சூட்டில் எண்ணெய் வற்றிச் சீக்கிரம் கிறீச்சிட ஆரம்பிக்கும். விளக்குக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுத்தால் நான் கேள்வி கேட்க மாட்டேன். வேலை இல்லாதபோது ஃபேன் நின்றுவிடுகிற வசதி இப்போது பெரும்பாலான மாடல்களில் வந்துவிட்டது. அது இருந்தால் தூசியும் அந்த அளவுக்குக் குறைவாக இழுக்கும்.

அப்படியானால் மூன்று ஃபேன் யாருக்கு? அதே அறையில் மைக் வைத்துக் குரல் பதிவு செய்கிறவருக்கு. ஏசி இல்லாத அறையில் நாள் முழுக்க ரெண்டர் ஓட்டுகிறவருக்கு, அதுவும் கேபினட் நன்றாக இருந்தால். விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்றால் யாருக்கும். 4,500க்கு உங்களுக்கு வேண்டாம். நான்காவது ‘டாப் மாடல்’ பற்றிப் பேசவே வேண்டாம். அந்த 9,500 ரூபாயைச் சேர்த்தால் அடுத்த சிப்பான 5070 பக்கம் கண் போக ஆரம்பிக்கும் தூரம். கீழ்ச் சிப்பின் உச்ச மாடலை வாங்குவதுதான் கிராஃபிக்ஸ் கார்டில் செய்யக்கூடிய ஆக விலையுயர்ந்த காரியம். தள்ளி வைத்தால் கார்டு இரண்டு விதமாக ஓடும் பயாஸ் (கார்டை இயக்கும் உள் மென்பொருள்) ஸ்விட்ச், உலோகப் பின்தகடு எல்லாம் நல்ல சரக்குதான். 180 வாட் கார்டுக்கு அவை நகை.

இரண்டு ஃபேன் மாடல்களிலும் ரகம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் ஓடும், இன்னொன்றில் வெறும் அலுமினியக் கட்டி இருக்கும். கடையில் இரண்டு இருந்தால் பெட்டிகளைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமானதில் உலோகம் கூட. அந்தந்த மாடல் பெயரைப் போட்டுத் தேடி, முழு லோடில் ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று யாராவது அளந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சூட்டின் எண் மட்டும் போதாது. ஃபேனை அலறவிட்டு 65 டிகிரி காட்டுவது சாமர்த்தியமே இல்லை.

வாரண்டிக்கு வருவோம். இரண்டு நிறுவனங்களின் சாதா 16 ஜிபி ஒரே விலையில் இருந்தால் நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன். பொதுவாக மூன்று வருடம். சில நிறுவனங்கள் வாங்கின சில வாரங்களுக்குள் தங்கள் தளத்தில் பதிவு செய்தால் கூட்டித் தருகின்றன, பதிவு செய்ய மறந்தால் போச்சு. அதைவிட, பழுதானால் கார்டு எங்கே போகும் என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். மதுரையிலேயே வாங்கிக்கொள்கிறார்களா, சென்னைக்குக் கூரியர் போட வேண்டுமா, போடுவது கடையா நீங்களா, திரும்பி வர எத்தனை நாள். அந்த நிறுவனத்துக் கார்டை இதுவரை எத்தனை பேருக்கு மாற்றி வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். இதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்கிற கடைக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

உங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். 3600இல் உள்கிராஃபிக்ஸ் இல்லை என்றேன் அல்லவா, கார்டு சர்வீஸுக்குப் போனால் மானிட்டரில் படமே வராது. ஆல்பமும் வீடியோவும் டெலிவரி தேதி சொல்லிவிட்டுச் சிஸ்டத்தை மூடி வைக்க முடியாது. ஆகவே 1650ஐ இரண்டாயிரம் மூவாயிரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள், துடைத்துப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

பில் விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். “பில் இல்லாம வேணும்னா குறைச்சுப் போட்டுடலாம்” என்ற வார்த்தை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் காதில் விழும். 18 சதவீத ஜிஎஸ்டி பெரிய தொகைதான். பில் இல்லாத கார்டுக்கு வாரண்டி கேட்டு யார் முன்னாலும் போய் நிற்க முடியாது. ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் அந்த எண்ணைப் போட்டே பில் வாங்குங்கள், கட்டிய வரியை உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும், பெட்டியிலும் கார்டிலும் அதே எண் இருக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். அது இல்லையென்றால் வேறு வழியாக வந்த சரக்கு, இங்கே வாரண்டி சந்தேகம். எம்ஆர்பி தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம், யாரும் அந்த விலைக்கு விற்பதில்லை.

ஆன்லைனில் வாங்குவதானால் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுங்கள். ஆச்சரியமான விலைக்கு ஏதாவது கண்ணில் பட்டால் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஏஎம்டி கார்டில் ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்று ஒன்று இன்னமும் சுற்றுகிறது. அசல் 580இல் 2,304 கோர், இது கிட்டத்தட்ட 570தான். பழைய சிப்பில் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று காட்டும் போலிகளும் உண்டு, மேலே சொன்ன ஜிபியு-இசட் அவற்றில் பலவற்றைப் போலி என்றே எழுதிக் காட்டும்.

எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். என்விடியா 600 வாட் சிபாரிசு செய்கிறது. அது தரமில்லாத எஸ்எம்பிஎஸ்ஸையும் மனதில் வைத்துச் சொல்லும் எண். கார்டு 180, உங்கள் பிராசசர் 90க்குள், மற்றதெல்லாம் சேர்த்து 60. கூட்டினால் 330 வாட். பெயருள்ள நிறுவனத்தின் 80 பிளஸ் பிராண்ஸ் (மின் சிக்கன முத்திரை) 550 தாராளமாகத் தாங்கும். கேபினட்டோடு இலவசமாக வந்த 550 என்றால் கார்டை மாட்டுமுன் அதை மாற்றுங்கள். பெரும்பாலான 5060 டிஐ மாடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் கனெக்டர் போதும். சிலவற்றில் புது 16 பின் இருக்கும், அடாப்டர் பெட்டியிலேயே வரும். ஆனாலும் 8 பின் உள்ளதை எடுத்தால் நிம்மதி.

மிச்சப் பணத்தின் இரண்டாவது வேலை யுபிஎஸ். ஊரில் பெரும்பாலும் எல்லோரிடமும் இருப்பது 600 விஏ. அது தாங்குவது 360 வாட் அளவில்தான். 1650 இருந்தவரை அது போதும். இனி ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லையில் போய் முட்டும். யுபிஎஸ் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்துவிடும். 1,000 விஏக்கு மேல் ஒன்று பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் அது சைன் வேவ் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்களே சில சமயம் முரண்டு பிடிக்கும்.

கார்டு கைக்கு வந்ததும் உடனே கழற்றி மாட்டிவிடாதீர்கள். 1650 உள்ளே இருக்கும்போதே போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கி ஏற்றுங்கள். அந்த நேரத்தில் யுபிஎஸ் இணைப்பு இருக்கட்டும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸுக்குள் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை அணைத்து யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் விண்டோஸ் டிஸ்க் ஜிபிடி வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள், எம்பிஆர் என்ற பழைய வடிவாக இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் பூட் ஆகாது. 5060 வரிசையில் சில போர்டுகளோடு ரீஸ்டார்ட்டில் திரை கறுப்பாகவே நிற்கும் சிக்கல் இருந்து, என்விடியா அதற்கென்று ஒரு ஃபர்ம்வேர் கருவி வெளியிட்டது. உங்களுக்கும் அப்படி நின்றால் கார்டு பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம், முதலில் அதை ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் படம் வரவில்லையென்றால் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மதுரைக்கு வண்டி ஏறுங்கள்.